தெரிந்த சொற்கள், தெரியாத பௌத்தம்

பௌத்தம் என்ன சொல்கிறது என்று நம்மில் யாரைக் கேட்டாலும் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து ஒரு வரி வந்துவிடும்: ஆசையே துன்பத்துக்குக் காரணம். கேட்டவர் அதற்கு மேல் கேட்பதில்லை. சொன்னவரும் அதற்கு மேல் யோசித்திருப்பதில்லை. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதும் ஆசைதான். வீட்டுக்கடன் சீக்கிரம் அடைய வேண்டும் என்பதும் ஆசைதான். இவற்றையெல்லாம் விட்டால்தான் நிம்மதி என்றால் அது துறவிகள் சமாசாரம், குடும்பஸ்தனுக்கு எதற்கு என்று நகர்ந்துவிடுகிறோம்.

இப்படி நகர்ந்துபோவதற்கு அந்த ஒற்றை வரி மட்டும் காரணமில்லை. நம்முடைய சொற்களும் காரணம். பௌத்தத்தின் அடிப்படைச் சொற்கள் பலவும் தமிழில் அன்றாடம் புழங்குகின்றன, ஆனால் வேறு பொருளில். துக்கம் என்றால் நமக்கு இழவு வீடு. நிர்வாணம் என்றால் உடையில்லாமல் நிற்பது. சூனியம் என்றால் எவனோ எலுமிச்சம்பழத்தில் வைப்பது. வேதனை என்றால் வலி, சமாதி என்றால் கல்லறை, பாவனை என்றால் நடிப்பு, தர்மம் என்றால் தட்டில் போடும் காசு. பௌத்தம் படிக்க உட்காரும் ஒரு ஜெர்மானியருக்கு இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் புதியவை. அகராதியைப் பார்த்து முதலிலிருந்து கற்றுக்கொள்வார். நமக்கோ எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை, அதனால் எல்லாவற்றையும் தவறாகப் படிக்கிறோம். புதிதாக வரும் தமிழ் வாசகருக்குப் பௌத்தத்தை அறிமுகம் செய்ய இந்தச் சொற்களைத் துலக்கிக்கொண்டு போவதே நேரான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தார்த்த கௌதமரின் வாழ்க்கைக் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நேபாளத்தில் உள்ள லும்பினியில் பிறந்தார். மரபு சொல்லும் கணக்கின்படி 29 வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். 35 வயதில் புத்தகயையில் அரச மரத்தடியில் விழிப்படைந்தார். அதன்பின் 45 ஆண்டுகள் இன்றைய பீகார், உத்தரப் பிரதேச ஊர்களில் நடந்து திரிந்து போதித்து, 80 வயதில் குசிநகரில் இறந்தார். இலங்கை மரபு அவர் மறைவைக் கி.மு. 544 என்று வைக்கிறது. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவரை அதற்கும் பிந்தியவராகவே கொள்கிறார்கள். கடவுளின் அவதாரம் என்றோ தூதர் என்றோ அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. வழியைக் காட்டுபவர் என்றே சொன்னார், நடப்பது கேட்பவர் வேலை.

விழிப்படைந்த பிறகு அவர் தேடிப்போனது, பட்டினித் தவத்தைக் கைவிட்டதற்காகத் தம்மை இகழ்ந்து பிரிந்துபோன ஐந்து தோழர்களை. காசிக்கு அருகே சாரநாத்தின் மான்தோப்பில் அவர்களிடம் பேசியதுதான் முதல் போதனை. உடம்பைப் போகத்தில் ஊறவைப்பதும் வேண்டாம், வதைப்பதும் வேண்டாம் என்று நடுவழியைச் சொல்லிவிட்டு நான்கு வாய்மைகளைச் சொன்னார். துக்கம், அதன் தோற்றம், அதன் அவிவு, அவிவுக்கு இட்டுச்செல்லும் வழி. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொல்லும் வரிசையை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு உடனே பிடிபடும். அதே போதனையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றும் உண்டு. நான்கு வாய்மைகளுக்கும் நான்கு வேலைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. துக்கத்தை முழுதாக அறிந்துகொள்ள வேண்டும், அதன் காரணத்தை விட வேண்டும், அவிவை நேரில் காண வேண்டும், வழியை வளர்த்தெடுக்க வேண்டும். நம்பிக்கையின் பட்டியலாக இவற்றை மனப்பாடம் செய்பவர் தமக்கென்று வைத்த வேலையைத் தொடவே இல்லை.

துக்கம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இழவு வீடு என்ற நம் பொருளும் இதற்குள் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். கிசா கோதமி என்ற இளம் தாய் இறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். கொஞ்சம் கடுகு கொண்டுவா, ஆனால் சாவு விழாத வீட்டுக் கடுகாக இருக்க வேண்டும் என்கிறார் புத்தர். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது. சாவு விழாத வீடு ஒன்றுகூட இல்லை. மாலையில் அவள் குழந்தையைச் சுடுகாட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். புத்தர் அவளுக்கு ஆறுதல் வாசகம் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளே வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொள்ளும்படி செய்தார். முழுதாக அறிந்துகொள்வது என்ற வேலை இதுதான்.

ஆனால் துக்கம் சாவோடு முடிவதில்லை. மூன்று அடுக்காக அதைப் பிரிப்பார்கள். நோய், மூப்பு, பிரிவு போன்ற வெளிப்படையான துன்பம் முதலாவது. மாறிப்போவதால் வரும் துன்பம் இரண்டாவது. மகள் கல்யாணம் சிறப்பாக முடிந்த மறுநாள், வாழைமரம் சாய்ந்து கிடக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகத்தில் இருப்பது இது. கெடுதல் எதுவும் நடக்கவில்லை, நல்லதுதான் நடந்தது, ஆனாலும் அது நிற்கவில்லை. மூன்றாவது இன்னும் நுண்ணியது. காரணங்களால் கூடிய எதுவும் நிலைத்த பிடிமானம் தராது என்ற அடிநிலைக் குறை. துக்கத்தை வெறும் துயரம் என்று எடுத்துக்கொண்டதால்தான் பௌத்தம் அழுமூஞ்சி மதம் என்று பெயர் வாங்கியது. குறைபாடு, நிறைவின்மை, ஒட்டாமை என்று எடுத்துக்கொண்டால் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அதைப் பார்க்க முடியும்.

அடுத்தது ஆசை. பாலியில் இதற்குத் தண்ஹா என்று பெயர், நேர்ப்பொருள் தாகம். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது, வேட்கை. தண்ணீர்த் தாகத்தையும் நீர்வேட்கை என்றுதானே சொல்கிறோம். மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார் கையாண்டதும் இந்தச் சொல்லைத்தான். பாடப் புத்தகத்தில் ‘ஆசை’ என்று போடாமல் ‘வேட்கை’ என்று போட்டிருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. நல்லதைச் செய்ய வேண்டும் என்ற விருப்பத்துக்குப் பாலியில் சந்தம் என்று தனிச்சொல் உண்டு. அது பழிக்கப்படுவதில்லை, முயற்சியின் தொடக்கமாகவே சொல்லப்படுகிறது. பிள்ளை படிக்க வேண்டும் என்று விரும்பி அதற்கானதைச் செய்வது ஒன்று. முதல் மதிப்பெண் வராவிட்டால் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்று ஆகிவிடுவது வேறொன்று. வேட்கையை மூன்றாகச் சொல்வதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. இன்பத்தின் மேல் வேட்கை, இருப்பின் மேல் வேட்கை, இவற்றோடு மூன்றாவதாக இல்லாமல் போவதன் மேல் வேட்கை. ‘எல்லாம் ஒழிந்தால் போதும்’ என்று சலிப்பதும் தாகம்தான் என்கிறது பௌத்தம். ஆகவே விரக்தியைத் துறவு என்று யாரும் ஏமாந்துவிட முடியாது.

இந்த வேட்கை எங்கிருந்து கிளம்புகிறது? இதற்குப் பதிலாக வருவது சார்பில் தோன்றும் பன்னிரண்டு கண்ணிகள், நிதானங்கள். புதியவர் பலர் இங்கே வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான் நடுவே உள்ள நான்கை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், சாத்தனாரின் தமிழ்ச் சொற்களிலேயே: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண்ணோ காதோ தன் பொருளைத் தொடுவது ஊறு. தொட்டதும் இனிது, இன்னாது, இரண்டுமில்லாதது என்று மூன்றில் ஒன்றாக உள்ளே படுவது நுகர்வு. பாலியின் வேதனை இதுதான், வலி என்ற நம் பொருள் அதில் மூன்றில் ஒரு பங்கு. இனியது இன்னும் வேண்டும், இன்னாதது தொலைய வேண்டும் என்று எழுவது வேட்கை. அதையே இறுகப் பிடித்து ‘என்னுடையது’, ‘நான்’ என்று ஆவது பற்று. கைப்பேசி ஒரு முறை அதிர்ந்தால் நான்கும் ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகின்றன. ஊறும் நுகர்வும் நம் கையில் இல்லை. நுகர்விலிருந்து வேட்கைக்குத் தாவும் இடத்தில்தான் பௌத்தப் பயிற்சி முழுவதும் கை வைக்கிறது. அம்பு பட்டவன் உதாரணம் ஒன்று உண்டு. உடம்பில் தைத்த முதல் அம்பின் வலி எல்லோருக்கும் பொது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று புழுங்கிப் புழுங்கி மனத்தில் தைத்துக்கொள்ளும் இரண்டாம் அம்பு பயிற்சி இல்லாதவனுக்கு மட்டும்.

நிர்வாணத்துக்கு வருகிறேன். பாலியில் நிப்பானம். தீ அவிதல் என்பது அந்தச் சொல் தரும் படிமம். அவிவது ஆள் இல்லை. விருப்பு, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீ. தமிழ் மரபில் காமம், வெகுளி, மயக்கம் என்பார்கள். திருக்குறளின் ‘மெய்யுணர்தல்’ அதிகாரமும் இந்த மூன்றைத்தான் நோயின் வேராகப் பார்க்கிறது. நம் வீடுகளில் பூஜை விளக்கை ‘அணை’ என்று சொல்ல மாட்டோம். ‘குளிர வை’ என்போம். நிப்பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை. பழைய பாலி நூல்களும் விடுதலை பெற்றவரைக் ‘குளிர்ந்தவர்’ என்றே அழைக்கின்றன. கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பெற்றோரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த படாசாரை பிறகு பிக்குணி ஆனாள். ஒரு நாள் இரவு அறைக்குள் வந்து, ஊசியால் விளக்குத் திரியை உள்ளிழுத்தாள், சுடர் அவிந்தது, அவள் மனமும் விடுபட்டது. பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் அவள் பெயரில் உள்ள பாடல் சொல்வது இதைத்தான். உலகத்தின் மிகப் பழைய பெண் எழுத்துகளில் ஒன்று அந்தத் தொகுப்பு.

இந்துச் சூழலில் வளர்ந்தவருக்கு மிகவும் இடறும் இடம் அனாத்மம். நிலையான ஆத்மா என்று ஒன்று இல்லை என்கிறார் புத்தர். உருவம், நுகர்வு, குறிப்பு, மன இயக்கங்கள், உணர்வு என்ற ஐந்து கந்தங்களின் ஓட்டத்தைத்தான் ‘நான்’ என்கிறோம். மிலிந்தன் என்ற கிரேக்க வழி அரசனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கிய உரையாடல் புகழ்பெற்றது. அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை, ஆனாலும் இவை கூடியபோது தேர் என்ற பெயர் பொய்யில்லை. ஆத்மா இல்லாமல் மறுபிறப்பு எப்படி என்ற கேள்விக்கும் அவர் விளக்கைத்தான் எடுத்துக்கொள்கிறார். முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் இல்லை, வேறும் இல்லை.

கர்மத்தையும் இங்கேயே சரிசெய்துகொள்ள வேண்டும். நம் பேச்சில் அது தலைவிதி. புத்தர் அதைச் சேதனை, அதாவது உள்நோக்கம் என்று வரையறுத்தார். கால் தவறி எறும்பை மிதிப்பதும் வேண்டுமென்றே நசுக்குவதும் ஒன்றாகாது. பட்டதெல்லாம் பழைய கர்மத்தின் பலன் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை, பித்தம், பருவமாற்றம், பிறர் தாக்குதல் என்று வேறு காரணங்களும் உண்டு என்றார். பிறப்பால் ஒருவன் உயர்வதும் தாழ்வதும் இல்லை, செயலால்தான் என்று வாசெட்ட சூத்திரத்தில் வாதிட்டார். நாவிதரான உபாலியும் தெருவைக் கூட்டிவந்த சுனீதரும் அவருடைய சங்கத்தில் பெரியோர் ஆனார்கள். வாய்ப்பேச்சோடு நின்ற சமத்துவமில்லை அது.

இவ்வளவும் கோட்பாடு. இதை முன்னால் வைத்ததே வரிசைக் கேடு என்று பழைய பௌத்தர்கள் சொல்லக்கூடும். இல்லறத்தார் வந்து கேட்டபோது புத்தர் எடுத்த எடுப்பில் நான்கு வாய்மைகளைச் சொன்னதில்லை. முதலில் கொடை, அடுத்து ஒழுக்கம், அதன் நற்பயன், புலனின்பத்தின் குறைபாடு, விடுவதன் நன்மை என்று படிப்படியாகப் பேசி, கேட்பவர் மனம் இளகிய பிறகுதான் துக்கத்தைப் பற்றிப் பேசினார். அனுபூர்விக் கதை என்று இந்த முறைக்கே பெயர் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியம் இதே வரிசையில் நடப்பதைக் கண்டபோது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. காப்பியத் தலைவி மணிமேகலைக்கு முதலில் கிடைப்பது தத்துவம் இல்லை, அமுதசுரபி என்ற சோற்றுப் பாத்திரம். ஆதிரையின் கையால் முதல் பிச்சை வாங்குகிறாள், யானைத்தீ நோயால் வாடும் காயசண்டிகையின் பசியைத் தீர்க்கிறாள், சோழனிடம் கேட்டுச் சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றுகிறாள், பஞ்சத்தில் கிடக்கும் காஞ்சியில் சோறு போடுகிறாள். ஆசான் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த மெய்ப்பொருளை முழுமையாக உபதேசிப்பது கடைசியான முப்பதாவது காதையில்தான்.

இன்று தலைகீழாக நடக்கிறது. தூக்கம் வரவில்லை, அலுவலகத்தில் பதற்றம் என்று தியானத்தோடு தொடங்குகிறோம், கொடையும் ஒழுக்கமும் விருப்பப் பாடமாகிவிட்டன. எண்வழிப் பாதை இதற்கு இடம் தரவில்லை. நற்காட்சி, நல்லெண்ணம் இரண்டும் அறிவின் பகுதி. நற்சொல், நற்செயல், நல்வாழ்வு மூன்றும் ஒழுக்கம். நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லொருக்கம் மூன்றும் மனப் பயிற்சி. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றின் வணிகம் வேண்டாம் என்பது நல்வாழ்வின் கீழ் வருவது. ஐந்து சீலங்கள் எல்லோருக்கும் பொது: கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, பிழையான காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மயக்கும் பொருள் உண்ணாமை. ஆண்டவன் கட்டளை என்று இவை சொல்லப்படவில்லை. ‘இந்தப் பயிற்சியை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒருவர் தானே எடுத்துக்கொள்வது. தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணியைச் சரணடைவதும் இப்படித்தான், மூன்று முறை வாய்விட்டுச் சொல்வார்கள். துறவிகளுக்குத்தான் எல்லாம் என்று நினைப்பவர் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உபதேசத்தைப் பார்க்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், வேலையாள் ஆகியோரிடம் நடந்துகொள்ளும் முறையோடு, வருமானத்தை நான்காகப் பிரித்து ஒன்றை அனுபவிக்கவும் இரண்டைத் தொழிலில் போடவும் ஒன்றை இடர்க்காலத்துக்குச் சேர்க்கவும் சொல்கிறது அது.

தியானத்துக்குப் பாலிச் சொல் பாவனை, வளர்த்தெடுப்பது என்று பொருள். இன்று நம் நாட்டில் பெரும்பாலோர் அதைச் சந்திப்பது பத்து நாள் விபாசனா முகாம்களில். பர்மாவில் பிறந்த எஸ்.என்.கோயங்கா, அந்நாட்டு அரசின் கணக்குத் துறைத் தலைவராக இருந்த சாயாஜி ஊ பா கின்னிடம் கற்று, 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தலைமை மையம், சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. முதல் நாள் மாலை சீலம் எடுத்த பிறகே பயிற்சி தொடங்குகிறது என்பதில் பழைய வரிசை காப்பாற்றப்பட்டிருக்கிறது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். பர்மாவின் மகாசி சாயாதோ மரபில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள். ஜப்பானிய ஜென் மரபில் சுவரைப் பார்த்து வெறுமனே அமர்வதும் உண்டு.

மரபுகளின் வேறுபாடு புதியவரை மலைக்க வைக்கும், ஆனால் தொடக்கத்தில் அதற்காக அலைய வேண்டியதில்லை. இலங்கை, பர்மா, தாய்லாந்தின் தேரவாதம் பாலி நூல்களைப் பிடித்துக்கொள்கிறது. சீனா, கொரியா, ஜப்பானின் மகாயானம் எல்லா உயிரும் கடைத்தேறும்வரை உழைக்கும் போதிசத்துவரை முன்னிறுத்துகிறது. திபெத்தின் வஜ்ரயானம் அதில் மந்திரமும் சடங்கும் சேர்த்தது. மகாயானச் சிந்தனையாளர் நாகார்ச்சுனர் பேசிய சூனியம் இல்லாமையைக் குறிக்கவில்லை. எதற்கும் தனித்து நிற்கும் சுயத்தன்மை இல்லை, எல்லாம் சார்பில் தோன்றியவை என்பதையே அவர் அந்தச் சொல்லால் சொன்னார்.

இந்த மதம் நமக்கு அயல் இல்லை. சோழநாட்டுப் புத்ததத்தர் பாலியில் எழுதிய நூல்கள் தேரவாத நாடுகளில் இன்றும் படிக்கப்படுகின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தை வழங்கினான். அங்கே மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் தலைமேல் சுடரோடு நிற்கின்றன. அயோத்திதாசர் 1898இல் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார், ‘புத்தரது ஆதிவேதம்’ எழுதினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். நான்கு வாய்மைகள் புத்தரின் மூலப் போதனைதானா என்றே ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில் அவர் கேட்டிருக்கிறார். மனிதனுக்கு மனிதன் இழைக்கும் கொடுமையைப் பேசாமல் துக்கத்தைப் பேசுவது அவருக்கு ஏற்புடையதாக இல்லை. இந்த நூலையும் பாலிச் சூத்திரங்களையும் அடுத்தடுத்துப் படித்துத் தானே எடைபோடுவது புதியவருக்கு நல்லது.

இலங்கைத் தமிழர் பலருக்குப் பௌத்தம் முதலில் நினைவூட்டுவது வேறொன்றை. 1972 அரசியலமைப்பு அதற்கு முதன்மை இடம் தந்தது, 1978இன் அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்தது. பிக்குகள் இனவாத அரசியலின் முன்வரிசையில் நின்றதையும் தமிழ்ப் பகுதிகளில் எழும் விகாரைகளையும் கண்டவரிடம் மைத்திரி என்ற அன்புணர்வைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கும். அந்த வரலாற்றை மறைத்து அறிமுகம் எழுதுவது நேர்மையில்லை. அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம், கொல்லாமையை முதல் சீலமாக வைத்த நூல்களே அந்தப் பிக்குகளுக்கு எதிரான சாட்சி.

தொடங்க விரும்புகிறவர் ஒரு மாதம் ஐந்து சீலங்களில் ஒன்றையாவது, பொய் சொல்லாமையை வைத்துக்கொண்டு, கவனித்துப் பார்க்கலாம். நாளுக்கு எத்தனை முறை ‘பக்கத்துலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்’ என்கிறோம் என்பது தெரியவரும். கூடவே தினம் இருபது நிமிடம் உட்காரலாம், சம்மணம் முடியாதவர் நாற்காலியில். மூக்கு நுனியில் மூச்சு தொடும் இடத்தைக் கவனித்தால் போதும், மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். மூன்றாவது மூச்சில் மனம் நேற்றைய சண்டைக்குப் போயிருக்கும். போனது தெரிந்ததும் திட்டாமல் திரும்பி வர வேண்டும். சோணர் என்ற பிக்கு பாதம் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து முயன்றபோது, வீணை நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை வராது என்பதை அவருக்கு நினைவூட்டினார் புத்தர். பத்து நிமிடத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கும். வலி நுகர்வு. காலை மாற்று என்ற உந்துதல் வேட்கை. முதல் சில நாள்கள் இரண்டும் ஒன்றாகவே தெரியும், காலும் தானாக அசைந்துவிடும். பிறகு ஒரு நாள் வலி இருக்கும்போதே உந்துதல் எழுவது தனியாகத் தெரியும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அது தணிவதும் தெரியும்.